தண்ணி இல்லாத காட்டின் சொற்கள்

‘உன்னைத் தண்ணி இல்லாத காட்டுக்கு மாத்திருவேன்’ என்ற மிரட்டலைக் கேட்காத அரசு ஊழியர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. சினிமாவில் மந்திரி போலீஸ்காரரைப் பார்த்து வாய்விட்டுச் சொல்வார். அலுவலகத்தில் மேலதிகாரி சொல்லாமலே உணர்த்துவார். காட்டின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அது ராமநாதபுரம் என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அந்தக் காட்டிலேயே பிறந்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே சாகிறவர்களுக்கு இந்த வாக்கியம் எப்படிக் கேட்கும் என்பதை மட்டும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கடலாடி ஒன்றியத்தில், மன்னார் வளைகுடாவை ஒட்டி வாலிநோக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை உப்புப் பாத்தி. 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர்–வாலிநோக்கம் உப்பளம் அது. மழை பெய்தால் பாத்தியில் விளைந்தது கரையும், வேலை நிற்கும். அப்படி வேலை நின்றுபோகும் மாதங்களுக்காகத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 மழைக்கால நிவாரணம் தரும் திட்டத்தை அரசு 2022-இல் கொண்டுவந்தது. ‘தண்ணி இல்லாத’ என்பது வெளியூர்க்காரனுக்கு வசவு. உப்பளத்தில் அதுவே விளைச்சல் காலம்.

இதே மாவட்டத்தைப் பற்றி இன்னொரு வழக்கும் உண்டு. ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள். நாரையே ஒரு மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவுக்கு நீண்ட கரை, அதில் 48 மடை என்று பொருள். கண்மாய் நிரம்பும், கரையைக் காப்பார்கள், மடை திறக்க ஆள் நிற்கும் என்ற நம்பிக்கை இருந்த காலத்துச் சொல் அது. மாறுதல் உத்தரவு என்ற ஒன்று வந்து, ஊரை ஊழியரின் கண்ணால் பார்க்கத் தொடங்கிய பிறகு பிறந்த சொல் ‘தண்ணி இல்லாத காடு’. மண் ஒன்றுதான், பார்த்த ஆள் மாறிவிட்டார். வாலிநோக்கம் பக்கத்துக் கடலில் இருக்கும் தீவுகளுக்கு மீனவர்கள் வைத்த பெயர்களையும் பாருங்கள்: நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு. எங்கே இறங்கினால் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் என்ற தகவலையே பெயராக வைத்தவர்கள் அவர்கள்.

வாலிநோக்கத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்கும் இதே கதி நேர்ந்தது. மனநோயைக் கேலி செய்யச் சென்னைக்காரர் ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொல்லும் இடத்தில் தென் மாவட்டக்காரர் ‘ஏர்வாடி’ என்பார். கொழும்பில் அதே கேலிக்கு ‘அங்கொடை’ என்ற சொல் இருக்கிறது. ஏர்வாடி தர்காவை நம்பி மனநோயாளிகளை அழைத்து வருபவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. கேலி மட்டும் நிற்கவில்லை. நண்பனைப் பார்த்து ‘இவனை ஏர்வாடிக்குத்தான் கொண்டு போகணும்’ என்பது இன்றும் சிரிப்பதற்கான வாக்கியமாகவே இருக்கிறது. வழக்குச்சொல் காலத்தைக் காட்டும் கண்ணாடி என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தக் கண்ணாடி எதைக் காட்டாமல் மறைத்தது என்பதையும் கேட்க வேண்டும்.

இதுவரை சொன்னவை வெளியார் இந்தக் கரையைப் பற்றிச் சொன்ன சொற்கள். கரை வெளியாரைப் பற்றிச் சொன்னவை எனக்கு இன்னும் சுவாரசியமானவை.

கடல் வேலையில் புதுச்சொல் ஏறுவது நேற்றைய பழக்கம் இல்லை. மாலுமி என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோமே, அது அரபியின் ‘முஅல்லிம்’. சுக்கானும் அரபிதான். மரக்கலத் தலைவனைக் குறித்த நகுதா பாரசீகம். தமிழும் சும்மா இருக்கவில்லை, கப்பலை மலாய்க்காரருக்குக் கொடுத்தது. வணிகம் வரும்போது சொல்லும் வந்தது, யாரும் அதைக் கலப்படம் என்று பார்க்கவில்லை. தொழில் போனால் சொல்லும் போகும் என்பதற்கும் இங்கே சாட்சி உண்டு. முத்துக்குளிப்புப் பருவத்துக்குச் ‘சலாபம்’ என்று பெயர். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். இன்று அந்தச் சொல்லைக் கரையில் இருக்கும் இளைஞரிடம் சொன்னால் இலங்கையில் உள்ள சிலாபம் ஊரைச் சொல்கிறீர்களா என்று கேட்பார். அதுவும் முழுத் தவறில்லை. அந்த ஊரின் பெயரே இந்தச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

விசைப்படகு வந்தபோது நடந்ததுதான் வேடிக்கை. அதுவரை வள்ளம், வத்தை, கட்டுமரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது. 1950-களில் நார்வே நாட்டு உதவித் திட்டம் கேரளத்தில் தொடங்கி, பிறகு மண்டபம் வரை வந்தது. எஞ்சின் வைத்த படகும் இழுவை மடியும் பரவின. உடனே பழைய படகுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெயர் தேவைப்பட்டது: நாட்டுப்படகு. பிராய்லர் வந்த பிறகு கோழி நாட்டுக்கோழி ஆனது போலத்தான். ஒரு பொருளின் முன்னால் ‘நாட்டு’ என்று ஒட்டிவிட்டால், அது இனி சிறுபான்மை என்று அர்த்தம். இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ‘சீமை’ உட்கார்ந்திருக்கிறது: சீமை எண்ணெய், சீமை ஓடு, இந்த மாவட்டத்தையே மூடிவிட்ட சீமைக்கருவேலம். அந்த மரத்தைக் காமராஜர் ஆட்சியில் ஹெலிகாப்டரில் விதை தூவினார்கள் என்று இங்கே ஆளாளுக்குச் சொல்வார்கள். அது இந்தியாவுக்குள் வந்தது 1870-களில். வரலாறு மறந்தாலும் ‘சீமை’ என்ற முன்னொட்டு எந்தக் காலத்துச் சரக்கு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

விசைப்படகில், படகை நடத்தும் தண்டலின் இடத்துக்கு வந்தவர் ‘டிரைவர்’. கடலையும் ரோடாக்கிவிட்ட சொல் அது. நட்சத்திரமும் நீரோட்டமும் பார்த்தவரின் இடத்தில் ஜிபிஎஸ் பார்ப்பவர் இருக்கிறார். நைலான் இழை வலைக்குத் ‘தங்கூசி’ என்று பெயர். பாக் நீரிணையின் அந்தப் பக்கம் தமிழரும் தங்கூசி என்கிறார்கள், சிங்களவரும் ‘தங்கூஸ்’ என்கிறார்கள். எல்லை தாண்டிய குற்றத்துக்காக இரு கரை மீனவரும் முட்டிக்கொள்ளும் கடலில், சண்டைக்குக் காரணமான வலைகளில் ஒன்றின் பெயர் மட்டும் எந்தக் கடவுச்சீட்டும் இல்லாமல் இரண்டு பக்கமும் வாழ்கிறது.

‘சங்காயம்’ என்று ஒரு சொல் உண்டு. இழுவை மடி கடலின் அடியைச் சுரண்டி வரும்போது விலைபோகாத பொடிமீன், குஞ்சு, நண்டுக்குட்டி எல்லாம் கலந்து ஒரு குவியல் சேரும். முன்பு அது வெறும் கழிவு. கோழிப்பண்ணைகள் பெருகித் தீவனத்துக்கு மீன்தூள் தேவைப்பட்ட பிறகு அந்தக் குவியலுக்கு எடை வந்தது, விலை வந்தது. நாமக்கல்லில் முட்டை பெருகியதும் ராமேஸ்வரத்தில் சங்காயம் சரக்கானதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். நாளைக்குப் பெரிதாகி வலைக்கு வர வேண்டிய மீன் இன்று கிலோ கணக்கில் காய்கிறது. பொருளாதாரப் பேராசிரியர் ஒரு நூலாக எழுத வேண்டியதைத் துறைமுகத்தில் ஐந்து எழுத்துச் சொல்லுக்குள் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கரையின் சொல்லாக்கத்துக்குச் சிகரம் என்றால் நான் பாசியைத்தான் சொல்வேன்.

பாசி எடுக்கிற பெண்களை ஒருமுறை கிட்ட நின்று பார்க்க வேண்டும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் சட்டை. பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கீற்று. காலில் ரப்பர் செருப்பை வைத்துக் கட்டிக்கொள்வார்கள், சிலர் தகரத்தட்டைக் கட்டுவார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்து இறங்கி, பாறையில் ஒட்டியதைப் பிய்த்து, மேலே வந்து பைக்குள் திணித்துவிட்டு மறுபடி இறங்குவார்கள். 1966 வாக்கில் இதற்கு வணிகச் சந்தை உண்டானது. அகார் ஆலைக்கும் ஆல்ஜினேட் ஆலைக்கும் போகிற சரக்கு. தாவரவியல் இவற்றுக்கு லத்தீனில் பெயர் வைத்திருக்கிறது. இந்தப் பெண்கள் வாயில் இருப்பவை வேறு: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி. மரிக்கொழுந்து தலையில் வைப்பது, கஞ்சி வயிற்றுக்கு, கோரை பாய்க்கு, பக்கோடா டீக்கடைக்கு. கடலுக்கு அடியில் கண்டதற்குக் கரையில் இருக்கிற வீட்டுச் சாமான்களின் பெயரை வைத்துவிட்டார்கள். பக்கோடாப் பாசியைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும். எண்ணெயில் போட்டு எடுத்தது போலவே மொறுமொறுப்பாக, முனை முனையாக இருக்கும்.

இந்த வரிசையில் 2000-த்தை ஒட்டிப் புதிதாக ஒன்று சேர்ந்தது. பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வந்த கப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசி. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கெட்டித்தன்மைக்குச் சேர்க்கும் கராஜீனன் அதிலிருந்து கிடைக்கிறது. பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முறையை உருவாக்க, பெப்சி நிறுவனம் மண்டபம் கரையில் மகளிர் குழுக்களைக் கொண்டு வணிக வளர்ப்பைத் தொடங்கியது. மூங்கிலைச் சதுரமாகக் கட்டி மிதவையாக்கி, கயிற்றில் பாசித்துண்டை முடிந்துவிட்டால் 45 நாளில் அறுவடை. இதற்குக் கரை வைத்த பெயர் ‘பெப்சிப் பாசி’.

யார் விதை கொடுக்கிறார்கள், யார் விலை சொல்கிறார்கள், யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்ற மூன்று கேள்விக்கும் அந்தப் பெயரே பதில். மரிக்கொழுந்தும் பக்கோடாவும் பார்த்த கண் வைத்த பெயர்கள். பெப்சி, கூலி வாங்கிய கை வைத்த பெயர். 2008-இல் அந்த நிறுவனம் தொழிலை வேறொரு கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டது. அதே ஆண்டில் இந்தப் பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளத்திட்டுகளின் மேல் படர்ந்து மூடுவதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பரவியது எப்படி, ஆபத்து எவ்வளவு என்று விஞ்ஞானிகளுக்குள் விவாதம் இன்னும் ஓடுகிறது. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இந்தப் பாசிக்கு இனி இடமில்லை. கரையில் நிறுவனத்தின் பெயர் பாசியாக வளர்ந்துகொண்டிருக்கிறது. விளம்பரத்துக்குக் கோடிகளைச் செலவழிக்கிறவர்கள் இப்படி ஒரு விளம்பரத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அரசாங்கமும் இந்த அகராதிக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. ‘பூங்கா’வை எடுத்துக்கொள்வோம். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பூங்கா என்றால் பிள்ளைகளை அழைத்துப்போய் ஊஞ்சல் ஆடவிடும் இடம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாசி எடுக்கும் பெண்ணுக்கு அது போகக்கூடாத இடம். அங்கே காவலுக்கு வருபவர் வனத்துறைக்காரர், மக்கள் வாயில் ‘ஃபாரஸ்ட்டு’. நடுக்கடலில் நின்று ‘ஃபாரஸ்ட்டு வருது’ என்று சொல்லும் ஊர் வேறெங்கும் இருக்குமா? 2023-இல் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆக, பாசியை எடுக்கக் கூடாத பூங்காவும் உண்டு, வளர்க்கச் சொல்லும் பூங்காவும் உண்டு. (ஜவுளிப் பூங்கா, தகவல் தொழில்நுட்பப் பூங்கா என்று அரசுத் தமிழில் பூவே இல்லாத பூங்காக்கள் பெருகியது தனிக்கதை.)

ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஆண்டுக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பார்கள். 2023-இல் ‘ரிஸ்’, 2024-இல் ‘பிரெயின் ராட்’. இந்தக் கரைக்கு அப்படி ஒரு வழக்கம் இருந்திருந்தால் 2001-இல் நடுவர்கள் திண்டாடியிருப்பார்கள். ஏர்வாடித் தீ அந்த ஆண்டுதான். ‘தடைக்காலம்’ வந்ததும் அப்போதுதான். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று ஏப்ரல் 15-இலிருந்து 45 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்றார்கள். 2017 முதல் அது 61 நாள், ஜூன் 14 வரை. கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றை வைத்து ஆண்டைப் பிரித்தவர்களின் நாள்காட்டிக்குள் ஒரு அரசாணை தனிப் பருவமாக நுழைந்துவிட்டது. ‘தடைக்காலத்துல கல்யாணத்தை வச்சுக்கலாம்’, ‘தடை முடியட்டும், கடனைத் தர்றேன்’ என்று சொல்லும்போது யாருக்கும் அது சட்டமாகத் தோன்றுவதில்லை, கோடையைப் போல ஒரு காலமாகவே இருக்கிறது. மூன்றாவது போட்டிச்சொல் ‘அட்டை’. கடல் அட்டை முழுவதையும் 2001 ஜூலையில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக எடுத்து, அவித்து, காயவைத்து விற்றுக்கொண்டிருந்த சரக்கு ஒரே நாளில் புலியோடும் யானையோடும் ஒரே பட்டியலில் ஏறியது. அன்றுவரை உரக்கச் சொன்ன சொல்லைக் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல் மாறவில்லை. சொல்லும் சத்தம் மாறியது. எந்த அகராதியாலும் பதிவு செய்ய முடியாத மாற்றம் இது.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு வந்த ‘சுனாமி’யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலங்கை குறுக்கே நின்றதால் இந்தக் கரை பெரும்பாலும் தப்பியது. ஆழிப்பேரலை என்ற தமிழ் செய்தித்தாளில் கரை ஒதுங்கியது. ஜப்பானியச் சொல் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

கைபேசி வழி வரும் சொற்களைப் பற்றியும் கேட்பீர்கள். ‘வேற லெவல்’, ‘கிரிஞ்ச்’, ‘வைப்’, ‘பூமர்’ எல்லாம் வாலிநோக்கத்துப் பையனுக்கும் வேளச்சேரிப் பையனுக்கும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. அவற்றில் ஊர் மணம் கிடையாது, ஆயுளும் குறைவு. அவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை, பெரிய ஆர்வமும் இல்லை. ஆனால் இரண்டைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று ‘சம்பவம்’. செய்தித்தாளின் ‘சம்பவ இடத்துக்கு விரைந்த போலீசார்’ தந்த சொல். ‘சம்பவம் பண்ணிட்டான்’ என்றால் ஆளைத் தீர்த்துவிட்டான் என்று ரவுடிகள் வழக்கில் ஆனது. 2019-இல் வந்த ‘பேட்ட’ படத்துக்குப் பிறகு கிரிக்கெட்டில் அடித்த சிக்சரும் சம்பவம், அரியர் பேப்பரை முடித்ததும் சம்பவம். கொலையைக் குறித்த சொல் பாராட்டாக மாறிய சமூகத்தில் வாழ்கிறோம் என்பதை நின்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. ‘சம்பவம் பண்ணிட்டாப்ல’ என்பதில் கடைசியில் வரும் ‘ஆப்ல’ மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக்குச் சொந்தம். ‘வந்தான்’ என்றால் மரியாதைக் குறைவு, ‘வந்தார்’ என்றால் தூரம் அதிகம். இரண்டுக்கும் நடுவில், தோளில் கைபோட்டபடி சொல்வது ‘வந்தாப்ல’. ‘பருத்திவீரன்’, ‘சுப்பிரமணியபுரம்’ போன்ற படங்கள் வந்த காலத்துக்குப் பிறகு சென்னை ஐடி அலுவலகத்தில்கூட மேனேஜர் ‘சொன்னாப்ல’ என்கிறார்கள். தண்ணி இல்லாத காட்டிலிருந்து தலைநகரம் இறக்குமதி செய்த இலக்கணம்!

மற்றொன்று ‘ப்ரோ’. பெரியவர்களுக்கு இதைக் கேட்டால் எரிச்சல் வரும். ஆனால் இந்த மாவட்டத்தில் ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்பது சின்ன விஷயமா? மாப்ள, மச்சான், பங்காளி என்று கூப்பிட்டால் யாருக்கு யார் என்ற சாதிக் கணக்கு உள்ளே ஓடும். கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணன் ‘காக்கா’, அக்கா ‘லாத்தா’. வெளியார் அப்படிக் கூப்பிடுவது அரிது, ‘பாய்’ என்று பொதுவாக முடித்துக்கொள்வார்கள். ப்ரோவுக்கு மதம் கிடையாது, சாதி கிடையாது, வயதுகூடத் தெரிய வேண்டியதில்லை. கொழுந்தியாளைக் கட்டும் உரிமை எதுவும் அந்த விளிக்குள் ஒளிந்திருக்கவில்லை. சுவையற்ற சொல்தான், ஆனால் தீட்டுப்படாத சொல்.

கடைசியாக, கடலைத் தாண்டியவர்கள். இந்த மாவட்டத்து மனிதர்கள் பிழைப்புக்குக் கடல் கடப்பது நூற்றாண்டுப் பழக்கம். அரபு நாட்டுக்குப் போகிறவரை முஸ்லிம் வீடுகளில் ‘சபராளி’ என்பார்கள், ‘சபர்’ என்றால் பயணம். கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் பறந்து போய்ச் சரக்கைச் சுமந்து வருபவர் ‘குருவி’. 2008-இல் விஜய் படத்துக்கே அது தலைப்பானது. இவை சொந்த ஊர் கொடுத்த பெயர்கள், கொஞ்சம் செல்லமும் கலந்தவை. போய் இறங்கிய ஊர் கொடுத்த பெயர் வேறு: ‘கள்ளத்தோணி’. தேயிலைத் தோட்டத்துக்கு முறையாகப் பதிந்து கப்பலில் போனவரின் பேரப்பிள்ளையையும் இலங்கையில் அப்படித்தான் அழைத்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியபோது, அந்த வசவுக்குச் சட்டத்தின் பலமும் கிடைத்தது. இன்று நம் ஓட்டல்களிலும் கட்டடங்களிலும் வேலை பார்க்க வந்தவர்களை நாம் ‘வடக்கன்’ என்கிறோம். அந்தப் பெயரில் எடுத்த படத்தைத் தணிக்கைக்குழு ஏற்காமல் 2024-இல் ‘ரயில்’ என்று மாற்றி வெளியிட வேண்டியிருந்தது. கள்ளத்தோணி என்று ஏச்சு வாங்கியவர்களின் பக்கத்து வீட்டிலேயே வடக்கன் என்ற ஏச்சு பிறக்கிறது. ஒரு தலைமுறை இடைவெளி போதும்போல.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நிறுத்திவைத்த இடம் மண்டபத்தில் இருந்தது. அதற்குப் பெயர் ‘கேம்ப்’. 1983-க்குப் பிறகு எதிர்த்திசையில் வந்த அகதிகளை அதே இடத்தில் தங்கவைத்தார்கள். பெயர் மாறவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு, அகதிகள் முகாம் என்று இனிச் சொல்ல வேண்டாம், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அழைப்போம் என அறிவித்தது. நல்ல எண்ணம்தான். 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதாரம் விழுந்தபோது படகில் வந்து மணல் தீடையில் இறங்கியவர்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று ராமேஸ்வரத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே சொல்தான் பதில். ரயில் நிலையத்துப் பலகையிலும் அதுவே இருக்கிறது: மண்டபம் கேம்ப்.